பாலாலயம்

2025 அக்டோபர் கடைசி. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், என்னிடம் படித்த மாணவி ஒருத்தி செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றிய மடிக்கணினி. 2012-இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது.

"கடையில காட்டினேன் சார். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, எடைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு வரல."

"உள்ள என்னம்மா இருக்கு?"

"பி.ஏ. கடைசி வருஷம் தாத்தாகிட்ட உக்காந்து எழுதி வாங்கினது சார். காத்து பேரு, தண்ணி பேரு, வலை பேரு எல்லாம் இருக்கு. தாத்தா இப்ப இல்ல."

நான் பொறியாளன் இல்லை; தமிழ் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு, கட்டற்ற மென்பொருளில் பழகிய நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு, பழைய கணினிகளை மீட்கும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். வைத்துவிட்டுப் போ என்று வாங்கி வைத்தேன். அடுத்த நான்கு நாள் அந்தக் கருவியோடு உட்கார்ந்திருந்தபோது மனத்தில் ஓடியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

கணினிக்கு இயங்குதளம் நிறுவும் வேலைக்கு நம் ஊரில் இரண்டு பெயர். ஒன்று 'ஓ.எஸ். போடுறது'. இன்னொன்று 'ஃபார்மேட் அடிக்கிறது'. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம் என்றாலும் இரண்டு வினைகளும் வேறு வேறு. விதை போடுகிறோம், கோலம் போடுகிறோம், பந்தல் போடுகிறோம். எதையாவது உண்டாக்கும்போது 'போடு' வருகிறது. அடிப்பதோ, இருப்பதை இல்லாமல் ஆக்குவது. "ஃபார்மேட் அடிச்சிடவா?" என்று கேட்கிறவரிடம் நாம் யோசிக்காமல் தலையாட்டுகிறோம். அந்த ஒரு தலையாட்டலில் போன குடும்பப் படங்களும் ஆய்வேடுகளும் கடிதங்களும் எத்தனை! இயங்குதளம் போனால் வேறு கிடைக்கும். அதற்கு மேல் நாம் எழுதி வைத்தவை போனால் கிடைக்காது. வேலையைத் தொடங்கும் முன் இந்த வேறுபாடு மனத்தில் பதிய வேண்டும்.

முதலில் பின்மூடியைக் கழற்றினேன். மின்விசிறியின் இறகுகளில் தூசியும் உப்பும் சேர்ந்து சாணி வறட்டிபோல அப்பியிருந்தது. கீல்களில் துரு. நினைவகச் சில்லு உட்காரும் இடத்தில் பச்சை நிறத்தில் மெல்லிய களிம்பு. கடற்கரை வீடுகளில் எந்த மின்கருவிக்கும் நேர்வது இதுதான். காற்றில் வரும் உப்பு எங்கும் படிகிறது. படிந்த உப்பு ஈரத்தை இழுக்கிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்த இடத்தில் செம்பு களிம்பேறுகிறது. அழிரப்பரால் சில்லின் பொன்னிற விளிம்பை மெல்லத் தேய்த்தேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த சிறு தூரிகையால் மற்ற இடங்களைத் துடைத்தேன். மூன்றாம் முறை பொத்தானை அழுத்தியபோது திரை வெளிச்சமானது. 'ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொல்லப்பட்ட கருவிக்கு வந்திருந்த நோயில் பாதி, உப்பு.

அவள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கும் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கும் இதே பகைதான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மப் பல்லவன் எடுப்பித்த அந்தக் கற்றளியை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்று அரித்து வருகிறது. அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு வளர்த்திருக்கிறார்கள். தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைக் கல்லின்மேல் பூசுவார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இறங்கிய உப்பு அதனுள் ஏறிவிடும், பிறகு உரித்தெடுப்பார்கள். சில காலம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். 1984 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம் என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கு இருக்கிறது. ஆனால் கல் நிற்பதற்குக் காரணம், அந்தக் கூழைச் சலிக்காமல் பூசிக்கொண்டிருக்கும் கைகள். பராமரிப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமாக எங்கும் இருந்ததில்லை.

*

நோயின் மறுபாதி உப்பால் வந்ததல்ல. அது தேதியால் வந்தது.

கருவியில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. ஏறக்குறைய ஆறு வருஷம், கதவு திறந்து கிடப்பது தெரியாமலே அவள் அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறாள். திருத்தங்கள் இல்லாத இயங்குதளம் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. வான்னாகிரை என்ற தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அடிபட்டவை அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள். 'அப்டேட்' கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தும் நம் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்களில் வேண்டுவோர் பதிந்துகொண்டு அதன்பின் ஓர் ஆண்டு திருத்தங்கள் பெறலாம் என்றார்கள், அவ்வளவுதான். அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. 2016-இல் வாங்கிய நல்ல கருவிகூட இந்த வாசலில் நின்றுவிடும். அதன் திரை ஒளிர்கிறது, விசை வேலை செய்கிறது, செயலி கணக்குப் போடுகிறது. ஆனாலும் அது 'பழசு'.

பழுதானது வேறு, பழசென்று அறிவிக்கப்பட்டது வேறு. கருவிகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். பழுதுக்குக் காரணம் உப்பு, வெப்பம், கைதவறல், காலம். அறிவிப்புக்குக் காரணம் எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவு. அந்த முடிவில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய நிரல்களைக் காலகாலத்துக்கும் காத்து நிற்பது செலவும் உழைப்பும் கேட்கிற வேலை. கட்டற்ற மென்பொருள் உலகிலும் இந்த முடிவுகள் எடுக்கப்படுகின்றன. 1993-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் கட்டிக் காத்துவரும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை விட்டுவிட்டது. ஆனால் அங்கே அந்த விவாதம் எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிறது. மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. விட்டதை எடுத்து நடத்த இன்னொருவருக்கு உரிமை இருக்கிறது. ஒருவர் விலகியதோடு ஊர்க்குளம் தூர்ந்துவிட வேண்டியதில்லை.

*

இந்த மடிக்கணினியின் கதையில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. வந்தபோதே இதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் வீடுகளுக்குள் லட்சக்கணக்கில் கணினிகள் நுழைந்தன. தலைமுறை தலைமுறையாக எழுதுமேசையே இல்லாத வீடுகள் அவற்றில் பல. அந்தக் கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. 2007-இல் முதலில் வெளிவந்தது. தமிழிலேயே பட்டியல்கள், தமிழிலேயே கட்டளைகள். மடிக்கணினித் திட்டத்துக்கு முன்னே, 2007 வாக்கிலேயே, எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றும் முயற்சியை முன்னெடுத்தார். வழி தெரியாத மாநிலமாகத் தமிழ்நாடு இருந்ததில்லை.

ஆனால் அந்த இரண்டாம் வாசலைத் திறந்து காட்ட ஆளில்லை. ஆசிரியர்களாகிய எங்களுக்கே அது என்னவென்று தெரியாது. பிள்ளைகள் கருவியை வாங்கிய வாரமே கடைக்குக் கொண்டுபோய் பாஸை அழித்து, பாட்டுக்கும் படத்துக்கும் இடம் பண்ணிக்கொண்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கருவியைக் கொடுப்பது திட்டத்தின் பாதி. அதை உயிரோடு வைத்திருக்கும் அறிவைக் கொடுப்பதே மறுபாதி. 2020-இல் பொதுமுடக்கத்தின்போது வகுப்புகள் இணையத்துக்குப் போயின. அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி பீரோவுக்குள் உறங்க, தம்பியும் தங்கையும் ஒரே கைபேசிக்குச் சண்டை போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். இரண்டு நாள் வேலையில் எழுந்திருக்கக்கூடிய கருவிகள் அவை.

*

கோயிலில் திருப்பணி என்றால் எடுத்த எடுப்பில் உளியைத் தூக்க மாட்டார்கள். முதலில் பாலாலயம். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, வேறோர் இடத்தில் மரப்பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்வார்கள். அங்கே பூசை நடந்துகொண்டிருக்கும். இங்கே கருவறை, விமானம், மண்டபம் எல்லாம் பிரித்துக் கட்டப்படும். வேலை முடிந்ததும் குடமுழுக்கு. சக்தி மூலத்தானத்துக்குத் திரும்பும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். சக்தியும் கட்டடமும் ஒன்றல்ல என்ற தெளிவு இருப்பதால்தான் துணிந்து கட்டடத்தில் கை வைக்க முடிகிறது.

காப்புப்படி எடுப்பது என்று சொல்வதை இனிமேல் நான் பாலாலயம் என்றே நினைத்துக்கொள்வேன். அதற்கு விண்டோஸ் எழும்ப வேண்டியதுகூட இல்லை. லினக்ஸை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. எஃப்12 விசையை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தேன். திரை வந்ததும் பழைய வன்தட்டைத் திறந்தேன். கல்லூரிச் சுற்றுலாப் படங்கள், விண்ணப்பப் படிவங்கள், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள், 'புராஜெக்ட்' என்ற கோப்புறை. எல்லாவற்றையும் இரண்டு தனித்தனிச் சேமிப்பகங்களில் படியெடுத்தேன். பிறகு அந்தப் படிகள் உண்மையாகவே திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். படியெடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் சரிபாராமல் விட்டவர்களின் வருத்தத்தை நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது திருப்பணி. வன்தட்டுக்கு வயதாகிவிட்டது, சுழலும்போது முனகல். அதை எடுத்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன். 2 ஜிபி நினைவகத்தோடு இன்னொரு 2 ஜிபி. பழைய கணினிக்குச் செய்யக்கூடிய வைத்தியங்களில் இந்த இரண்டுக்கும் ஈடில்லை. செயலி 64 பிட்டைத் தாங்கக்கூடியது. இத்தனை வருஷமும் அதில் ஓடியதோ 32 பிட் விண்டோஸ். தன் முழு பலத்தை ஒருநாளும் காட்டாமலே அது கிழமாகியிருந்தது. டெபியனையும், அதன்மேல் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலையும் போட்டேன். சேமிப்பகத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது இயங்குதளத்துக்கு ஓர் இடம், அவள் கோப்புகளுக்கு வேறோர் இடம் என்று வரப்பு கட்டினேன். அடுத்த முறை எவர் ஓ.எஸ். போட்டாலும் வரப்புக்கு அந்தப் பக்கம் தொட வேண்டியிருக்காது.

முடிந்தது என்று நினைத்தபோது இணையம் திறக்கவில்லை. வைஃபை அட்டைக்கு உரிய இயக்கி இல்லை; கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்தேன். அப்போதும் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. புதுப்பிப்புகளையும் ஏற்க மறுத்தது. வெகுநேரம் தேடிய பிறகுதான் மூலையில் இருந்த தேதியைக் கவனித்தேன். 2011 ஜனவரி 1. தாய்ப்பலகையில் கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கும் காசு வடிவ பேட்டரி செத்துப்போயிருந்தது. கணினி தன்னை 2011-இல் இருப்பதாக எண்ணிக்கொண்டு, 2025-இன் சான்றிதழ்களை 'இன்னும் செல்லுபடியாகாதவை' என்று தள்ளிக்கொண்டிருந்தது. சில பத்து ரூபாயில் பேட்டரி. தேதியைச் சரிசெய்ததும் எல்லாக் கதவும் திறந்தன. காலத்தை இழந்த கருவி எதையும் நம்புவதில்லை.

*

நான்காம் நாள் அவள் வந்தாள். கணினி அரை நிமிஷத்துக்குள் எழுந்ததைப் பார்த்துச் சிரித்தாள். நேரே 'புராஜெக்ட்' கோப்புறைக்குப் போனாள். கோப்பைத் திறந்தாள். சிரிப்பு நின்றது.

"சார், இது என்ன சார் இங்கிலீஷா இருக்கு?"

திரை முழுவதும் ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள். ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை.

அவள் தாத்தாவிடம் கேட்டுக் கையால் எழுதியதை 2015-இல் ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்திருக்கிறாள். அவர்கள் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குத் தமிழே தெரியாது. அது சேமிப்பது ஆங்கில எழுத்தை. எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. 'அம்மா' என்று நாம் படிப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். முகமூடி இல்லாத கணினியில் அதுதான் வெளியே தெரியும். கடைக்குக் கடை, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு குறியாக்கம். உலக மொழிகளுக்குப் பொதுவான குறியாக்கமான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமானது. 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையும் இட்டது. அப்படியும் பழைய குறியாக்கங்கள் டிடிபி கடைகளையும் அச்சகங்களையும் விட்டுப் போக வெகுகாலம் ஆயிற்று. நம் காலத்துத் தமிழ் எழுத்தில் பெரும் பங்கு இப்படி முகமூடிக்குள் சிக்கிக் கிடக்கிறது. ஓலைச்சுவடிக்குச் செல் பகை என்றால் இதற்கு ஒரு ஃபார்மேட் போதும்.

மீட்க வழி இருந்தது. ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பில், பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி உண்டு. தன்னார்வலர்கள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருப்பது. கோப்பை அதற்குக் கொடுத்தேன். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் நிற்கும், மெய் பின்னால் வரும். ஒருங்குறியில் மெய் முதலில், கொம்பு பிறகு. இந்த இடமாற்றத்தையெல்லாம் நிரலே பார்த்துக்கொண்டது. சில நொடிகளில் தமிழ் வந்தது.

முதல் பக்கத்தில் காற்றுகள். கிழக்கிலிருந்து வரும் கொண்டல். வடக்கிலிருந்து வரும் வாடை. தென்மேற்கின் கச்சான். அவற்றைத் தொடர்ந்து, எந்த அகராதியிலும் நான் பார்த்திராத சொற்கள் வரிசையாக. பிழைதிருத்தி அவற்றின் கீழெல்லாம் சிவப்புக் கோடு போட்டது. அதற்குத் தெரியாத சொல் அதற்குப் பிழை. இந்த இடத்தில் மனிதர் இல்லாமல் ஆகாது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தோம். மாற்றும்போது சிதைந்தது எது, தாத்தாவின் உச்சரிப்பு எது என்று அவளுக்கு மட்டுமே தெரியும். "இது சரிதான் சார், அவரு இப்படித்தான் சொல்லுவாரு" என்று பல இடங்களில் சொன்னாள். நாற்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த நான் அன்று அவளிடம் எழுதிக்கொண்டேன்.

*

இந்த வேலையில் நான் தனியாள் இல்லை. நான் போட்ட டெபியனைப் பொதிந்து தந்தவர்கள், குறியாக்க மாற்றியை எழுதியவர்கள், வைஃபை இயக்கியைத் தேடியபோது வழி சொன்னவர்கள் என்று முகம் தெரியாத பலரின் கைகள் அதில் இருந்தன. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அங்கிருந்து கிளைத்த மரம் நம் பக்கத்திலும் வேர் விட்டிருக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. விழுப்புரத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் குழு இருக்கிறது. 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது. பயன்படுத்த, படித்தறிய, பகிர, மாற்றியமைக்க என்ற நான்கு உரிமைகளும் ஏட்டில் இருப்பவை என்று நினைத்திருந்தேன். ஒரு குப்பத்துப் பெண்ணின் கோப்பு திறந்தபோது அவை எதற்கென்று புரிந்தது.

ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் பூமிக்கு ஏற்றும் சுமையில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்னே, தயாரிப்பிலேயே ஏறிவிடுகிறது. ஆகவே இருப்பதை இன்னும் நான்கு வருஷம் ஓட்டுவதே நாம் செய்யக்கூடிய பெரிய சிக்கனம். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஒவ்வொரு கருவியோடும், அதைத் திறந்து துடைக்கவும், கோப்புகளைக் காக்கவும், இயங்குதளத்தைத் தாங்களே போடவும் ஒருநாள் பயிற்சி சேர்த்துக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் உளி மழுங்கினால் யாரும் அதைத் தூர எறிவதில்லை. உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக்கொள்கிறார்கள். உளி பிடிப்பவனுக்கு அதைக் கூராக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே தொழிலின் ஒரு பகுதி.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு பீரோவிலும் பரணிலும் இப்படி ஒன்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே இறக்குங்கள். ஓ.எஸ். போடுவது பிறகு நடக்கட்டும். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எழுதியவரோ சொன்னவரோ இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.